மென்பொருள் இன்டர்ன்ஷிப் ரிவ்யூ: கோட் ரிவ்யூவுக்காகவே போகலாம், மற்றதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்

கல்லூரி விடுமுறையில் நடுத்தர அளவுள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில், பேக்எண்ட் (பயனர் கண்ணில் படாத சர்வர் பக்கம்) டீமில் இன்டர்னாக, அதாவது பயிற்சிப் பணியாளராக, இருந்தேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை, நான் பார்த்த நல்லதும் கெட்டதும் பல நிறுவனங்களில் இருப்பதுதான் என்று நண்பர்களிடம் பேசியதில் தெரிந்துவிட்டது. முடிவை மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர்களுக்கு: மென்டரும் (எனக்கு வழிகாட்டியவர்) கோட் ரிவ்யூவும் (ஒருவர் எழுதிய கோடை இன்னொருவர் படித்துச் சரிபார்ப்பது) அருமை, தொடக்க ஏற்பாடு மோசம், கடைசி மதிப்பீடு அதைவிட மோசம், மொத்தத்தில் ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். அந்த நான்கில் மூன்று கோட் ரிவ்யூவுக்கே போகிறது. ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இன்டர்ன்ஷிப் தேடும் ஜூனியர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஊதியம் எவ்வளவு, நிறுவனம் பெரியதா, கடைசியில் வேலை தருவார்களா என்பதுதான். நீ எழுதிய கோடை யார் படிப்பார்கள், படித்துவிட்டு என்ன செய்வார்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

தேர்வு முறையிலிருந்து தொடங்குகிறேன். முதல் சுற்று வழக்கமான ஆன்லைன் டெஸ்ட், கிராஃப், டைனமிக் புரோகிராமிங், நேரக் கட்டுப்பாடு, எல்லாரும் தயாராகிப் போகிற மாதிரிதான். இரண்டாவது சுற்றுதான் எனக்குப் பிடித்தது. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கோட் துண்டைத் திரையில் காட்டி, இதைப் படித்துவிட்டு என்ன செய்கிறது என்று சொல், எங்கே உடையலாம் என்று சொல் என்றார்கள். ஒரு வரிகூட எழுதச் சொல்லவில்லை. உள்ளே போய் வேலை பார்த்த பிறகுதான் இந்தச் சுற்று எவ்வளவு சரியானது என்று புரிந்தது. அங்கே பாதிக்கு மேற்பட்ட நேரம் பிறர் எழுதியதைப் படிப்பதில்தான் போகிறது. படிக்கத் தெரியுமா என்று சோதிக்காத தேர்வு, வேலையின் பெரும்பகுதியைச் சோதிக்காமல் விடுகிறது.

தேர்வு நன்றாக இருந்ததற்கு நேர்மாறாக இருந்தது முதல் வாரம். லேப்டாப் வந்துவிட்டது, ஆனால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை. கோட் இருக்கும் ரிப்போவுக்கு ஓர் அனுமதி, நிறுவன நெட்வொர்க்குக்குள் நுழையும் விபிஎன்னுக்கு ஓர் அனுமதி, சோதனைக்கான ஸ்டேஜிங் டேட்டாபேஸுக்கு இன்னோர் அனுமதி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டிக்கெட் (வேலைக் கோரிக்கை), ஒவ்வொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியவர் வேறு வேறு ஆள், அதில் ஒருவர் விடுப்பில். இன்டர்ன் வரும் தேதி பல வாரங்களுக்கு முன்பே தெரியும். அப்படியிருந்தும் இந்த அனுமதிகளை முன்கூட்டியே வாங்கி வைக்கவில்லை. இன்டர்ன்ஷிப் காலமே கொஞ்சம், அதில் ஒரு பகுதி காத்திருப்பில் கரைகிறது என்றால் அது நிறுவனத்துக்கும் நட்டம்தான்.

அனுமதி வந்த பிறகும் முடியவில்லை. கோடோடு வரும் வழிகாட்டிக் குறிப்பான ரீட்மீயில், ஒரே ஒரு டாக்கர் (மென்பொருளைத் தேவையானவற்றோடு சேர்த்து ஓட்டும் கருவி) கட்டளையை ஓட்டினால் எல்லாம் எழுந்துவிடும் என்று எழுதியிருந்தது. எழவில்லை. ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் (வெளியிலிருந்து கொடுக்க வேண்டிய அமைப்பு மதிப்பு) இல்லை என்று பாதியில் நின்றது, அந்த வேரியபிளுக்கு என்ன மதிப்பு கொடுப்பது என்று எங்கும் எழுதப்படவில்லை, டீமில் உள்ள ஒரு சீனியருக்கு மட்டும் அது மனப்பாடம். அவர் உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தார், நல்ல மனிதர், ஆனால் அவர் இல்லையென்றால்? இந்த இடத்தில் மென்டர் செய்த ஒரு காரியத்தைப் பாராட்டியே ஆகவேண்டும். எங்கெல்லாம் தடங்கல் வந்ததோ அதையெல்லாம் குறித்து வைத்து, ரீட்மீயை நீங்களே திருத்தி புல் ரெக்வெஸ்ட் (மாற்றத்தைப் பார்த்துச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) போடுங்கள் என்றார். பழகியவர்கள் கண்ணுக்கு அந்த ஓட்டைகள் தெரியாது, அவர்களுடைய கணினியில் எல்லாம் ஏற்கெனவே அமைந்திருக்கும். புதிதாக வருபவருக்கு மட்டும்தான், அதுவும் முதல் சில நாள்களுக்கு மட்டும்தான் தெரியும். என் பெயரில் மெர்ஜ் ஆன, அதாவது பொதுக் கோடில் சேர்ந்த, முதல் மாற்றம் அந்த ரீட்மீதான், எனக்கு அதில் பெருமைதான்.

அப்புறம் அந்தக் கோட். கல்லூரியில் ஒரு புராஜெக்ட் என்றால் எல்லா ஃபைலையும் தலையில் வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் நாமே எழுதியது, செமஸ்டர் முடிந்ததும் யாரும் திறக்கப் போவதில்லை. இங்கே பல வருடங்களாக, இப்போது நிறுவனத்தில் இல்லாதவர்கள்கூட எழுதி வைத்துவிட்டுப் போன கோட். யாரிடமும் கேட்க முடியாத கேள்விக்கு வரலாற்றில் பதில் தேட வேண்டும். கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்றால் ஆட், கமிட் (ஒரு மாற்றத்தைப் பதிவது), புஷ் இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்வதுதான் கல்லூரி வழக்கம். 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலுக்காக எழுதிய கருவி அது, உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே கோடில் கை வைப்பதைச் சமாளிக்க உருவானது. பழைய வரலாற்றைத் தோண்டிப் பார்க்க அதில் எவ்வளவோ வசதி இருக்கிறது. ஒரு வரியை எந்த கமிட் கொண்டுவந்தது என்று பிளேம் காட்டும். ஒரு சொல் எந்த கமிட்டில் நுழைந்தது, எதில் நீங்கியது என்று லாக் கட்டளையோடு ஓர் ஆப்ஷன் சேர்த்தால் தெரிந்துவிடும். பைசெக்ட் இன்னும் அழகு: நேற்றுவரை ஓடியது இன்று ஓடவில்லை, நடுவில் ஆயிரம் கமிட் என்றால், பாதி பாதியாகப் பிரித்துச் சுமார் பத்தே சோதனையில் குற்றவாளி கமிட்டைப் பிடித்துக் கொடுத்துவிடும். பாடத்தில் படித்த பைனரி சர்ச் நிஜ வேலையில் உதவுவதை அங்கேதான் முதலில் பார்த்தேன்.

இதனால்தான் கமிட் செய்தியில் என்ன மாற்றினேன் என்று எழுதினால் போதாது, ஏன் மாற்றினேன் என்று எழுத வேண்டும் என்று அந்த டீமில் பிடிவாதமாக இருந்தார்கள். என்ன என்பது கோடிலேயே தெரியும். ஏன் என்பது எழுதியவர் போனால் கூடவே போய்விடும்.

எனக்கு வந்த முதல் டிக்கெட் பார்க்கச் சின்னது. பயனர்கள் இறக்கிக்கொள்ளும் அறிக்கையில் நள்ளிரவை ஒட்டி நடந்த பரிவர்த்தனைகள் தவறான தேதியில் விழுகின்றன. டைம் ஸோன் சிக்கல் என்று கேட்டவுடன் தெரிந்துவிடும், சரிசெய்வதும் ஒரே வரி என்றுதான் தோன்றும். ஆனால் அங்கே பயன்படுத்திய போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் டைம் ஸோனோடு கூடிய டைம்ஸ்டாம்ப் என்று ஒரு வகை இருக்கிறதே, அது உண்மையில் டைம் ஸோனைச் சேமிப்பதே இல்லை. உள்ளே வரும் நேரத்தை யூடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கு மாற்றி அதை மட்டும்தான் வைத்துக்கொள்கிறது, திருப்பிக் கேட்கும்போது கேட்பவரின் செஷன் அமைப்புக்கு ஏற்ப மாற்றித் தருகிறது. பழைய கோட் இதற்கு மேல் ஒரு நிலையான மணிக்கணக்கைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தது. கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும் நாடுகளில் வருடத்தின் ஒரு பாதிக்கு அது சரியாக இருக்கும், மறு பாதிக்குத் தவறும். வருடம் முழுக்கத் தவறாக இருந்தால் யாராவது உடனே பிடித்திருப்பார்கள், இது வருடத்தில் பாதி சரியாக இருந்ததால்தான் இத்தனை காலம் தப்பித்திருக்கிறது. ஸோனின் பெயரை வைத்துக் கணக்கிட வேண்டும், அதற்கான விதிகள் ஐஏஎன்ஏ என்ற இணைய அமைப்பு பராமரிக்கும் தரவில் இருக்கின்றன, பைத்தானில் 3.9 பதிப்பிலிருந்து ஸோன்இன்ஃபோ என்று உள்ளேயே வருகிறது. இவ்வளவும் ஒரு சின்ன டிக்கெட்டிலிருந்து கற்றுக்கொண்டது. புதிதாக வருபவருக்கு எப்படிப்பட்ட வேலை கொடுக்க வேண்டும் என்று அந்த டீமுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. மாற்றம் சிறியது, பின்னால் இருக்கும் விஷயம் பெரியது, தவறினால் யாருக்கும் பெரிய ஆபத்து இல்லை.

இப்போது கோட் ரிவ்யூ. நான் மூன்று நட்சத்திரம் கொடுத்த பகுதி.

ஒருவர் எழுதிய கோடை இன்னொருவர் படித்துச் சரிபார்ப்பது புதிய பழக்கம் இல்லை. ஐபிஎம்மில் இருந்த மைக்கேல் ஃபேகன் 1976-இலேயே அதை ஒரு முறையாக வகுத்து எழுதினார். அந்தக் காலத்தில் கூட்டம் கூடி, தாளில் அச்சடித்ததை வரிவரியாகப் படிப்பார்கள். இப்போது புல் ரெக்வெஸ்ட்டில் கருத்து எழுதுகிறோம், யார் எங்கே இருந்தாலும் முடிகிறது. வடிவம் மாறினாலும் உள்ளே இருப்பது அதே விஷயம்: எழுதியவர் கண்ணுக்குத் தெரியாதது படிப்பவர் கண்ணுக்குத் தெரியும்.

எனக்கு வந்த கருத்துகளில் பெரும்பாலானவை கேள்விகள். இந்தப் பட்டியல் காலியாக வந்தால் என்ன ஆகும்? இந்த ஃபங்ஷனின் பெயரைப் படித்தால் அது டேட்டாபேஸில் எழுதும் என்று தெரியவில்லையே, தெரிய வேண்டாமா? இந்த எக்ஸெப்ஷனைப் பிடித்துவிட்டு அமைதியாகப் போனால் இரவில் இது உடைந்ததை யார் அறிவார்? மாற்று என்று சொல்லாமல் கேட்டதில் ஒரு மரியாதை இருந்தது. என்னிடம் ஒரு காரணம் இருக்கலாம் என்ற எண்ணத்தோடு கேட்டார்கள், சில சமயம் உண்மையாகவே இருந்தது, அப்போது சரி, அதை ஒரு கமெண்ட்டாக எழுதிவிடுங்கள் என்று ஒப்புக்கொண்டார்கள். கட்டாயம் மாற்ற வேண்டியது எது, விருப்பமிருந்தால் மாற்றலாம் என்பது எது என்று ஒவ்வொரு கருத்தின் தொடக்கத்திலும் குறித்துவிடுவார்கள். கேட்கச் சின்ன வழக்கமாகத் தெரியும். ஆனால் புதிதாக வந்தவருக்கு எல்லாக் கருத்தும் ஆணையாகத்தான் காதில் விழும், இந்தக் குறி இருந்தால்தான் எதற்கு வாதாடலாம், எதற்குக் கூடாது என்று புரியும்.

சிறியதாகப் பிரித்துப் போடுங்கள் என்பதும் அங்கே ஒரு விதி மாதிரி. ஒரு பெரிய மாற்றத்தை மூன்றாகப் பிரிக்கலாம்: முதலில் கோட் நடந்துகொள்ளும் விதத்தை மாற்றாமல் அதை ஒழுங்குபடுத்துவது, அடுத்து டெஸ்ட் சேர்ப்பது, அதன்பிறகு நடத்தையை மாற்றுவது. மூன்றையும் ஒன்றாகப் போட்டால் படிப்பவர் எதை ஒழுங்குபடுத்தினீர்கள், எதை மாற்றினீர்கள் என்று பிரித்தறிய முடியாமல் திணறி, நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டுப் போய்விடுவார். அந்த ஒரு வார்த்தை ஒப்புதல் எவ்வளவு ஆபத்து என்று நானும் பிறருடைய கோடை ரிவ்யூ செய்ய ஆரம்பித்த பிறகுதான் விளங்கியது. ஆமாம், இன்டர்னையும் ரிவ்யூ செய்யச் சொன்னார்கள். என் ஒப்புதல் மட்டும் மெர்ஜுக்குப் போதாது, ஆனால் என் கேள்விகளுக்குப் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று வைத்திருந்தார்கள். சீனியர் எழுதிய கோடில் எனக்குப் புரியாத ஓர் இடத்தைக் கேட்டேன், அவர் விளக்கம் எழுத ஆரம்பித்து, பிறகு கோடையே எளிதாக்கி மறுபடி போட்டார். வேறெந்தப் பாராட்டும் எனக்கு அவ்வளவு தெம்பு தரவில்லை.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. வேகம். சில புல் ரெக்வெஸ்ட்டுகள் நாள்கணக்கில் யாரும் தொடாமல் கிடந்தன. பக்கத்து டீமின் ஒப்புதல் தேவைப்பட்டால் இன்னும் மோசம், அவர்களுக்கு அவர்கள் டிக்கெட் முக்கியம், இன்டர்ன் எழுதியது அவசரமாகத் தெரியாது. அதற்குள் மெயின் பிராஞ்ச் (பொதுக் கோட்) நகர்ந்துவிடும், என் மாற்றத்தோடு கான்ஃப்ளிக்ட் வரும், ரீபேஸ் செய்ய, அதாவது என் மாற்றத்தைப் புதிய கோடின் மேல் மறுபடி வைக்க வேண்டும். பல வருடம் அங்கே இருக்கப் போகிறவர்களுக்கு ஒரு நாள் தாமதம் ஒன்றுமில்லை. சில வாரங்களுக்கு மட்டும் வந்திருப்பவருக்கு அது பெரிய துண்டு.

முக்கிய புராஜெக்ட்டாக எனக்குக் கொடுத்தது ஒரு பக்கத்தை வேகப்படுத்தும் வேலை. நிர்வாகிகள் பார்க்கும் ஆர்டர் பட்டியல், திறக்கவே பல வினாடிகள் எடுக்கும். ஜாங்கோ என்ற பைத்தான் வலைக் கட்டமைப்பில் எழுதியது. கோடைப் படித்தால் எந்தத் தப்பும் தெரியாது, லூப்பில் ஒவ்வொரு ஆர்டருக்கும் வாடிக்கையாளர் பெயரை எடுக்கிறது, அவ்வளவுதான். ஆனால் பெயரை எடுக்கக் கோடில் வைக்கும் ஒரு புள்ளிக்குப் பின்னால் ஒரு க்வெரி, அதாவது டேட்டாபேஸிடம் போகும் ஒரு கேள்வி, ஒளிந்திருக்கிறது. பக்கத்தில் 200 ஆர்டர் என்றால் பட்டியலுக்கு ஒன்று, வாடிக்கையாளர்களுக்கு 200, ஆக 201 க்வெரி. என் பிளஸ் ஒன் சிக்கல் என்பார்கள், ஓஆர்எம் (டேட்டாபேஸைக் கோடின் ஆப்ஜெக்டுகளாகக் காட்டும் கருவி) பயன்படுத்தும் எல்லா இடத்திலும் இருப்பது. செலக்ட் ரிலேட்டட் என்று சேர்த்தால் ஜாயின் போட்டு ஒரே க்வெரியில் வந்துவிடும். பலவாக விரியும் உறவுகளுக்கு ப்ரீஃபெட்ச், அது தனியாக இன்னொரு க்வெரி ஓட்டி பைத்தான் பக்கத்தில் இணைக்கும். சரி, இது இணையத்தில் தேடினாலே கிடைக்கும். மென்டர் அடுத்துக் கேட்டதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: அடுத்த மாதம் யாராவது இந்த லூப்பில் இன்னொரு புலத்தைச் சேர்த்தால் மறுபடி 201 ஆகிவிடாதா, அதை யார் தடுப்பது? ஜாங்கோவின் டெஸ்ட் வகுப்பிலேயே இத்தனை க்வெரிதான் ஓட வேண்டும் என்று உறுதிசெய்யும் வசதி இருக்கிறது. அதை வைத்து ஒரு டெஸ்ட் எழுதிய பிறகுதான் வேலை முடிந்ததாக ஒப்புக்கொண்டார். வேகப்படுத்துவது பாதி வேலைதான், அந்த வேகம் குறையாமல் காப்பது மறுபாதி என்று இப்படித்தான் புரியவைத்தார், ஒரு சொற்பொழிவும் இல்லாமல்.

க்வெரி குறைந்த பிறகும் ஒரு க்வெரி மெதுவாக இருந்தது. எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் போட்டுப் பார்த்தால் போஸ்ட்கிரெஸ் என்ன வழியில் தேடுகிறது, எங்கே நேரம் போகிறது என்று சொல்லும். இதில் ஒரு எச்சரிக்கை, அனலைஸ் சேர்த்தால் அது க்வெரியை உண்மையாகவே ஓட்டும், டெலீட் க்வெரிக்கு முன்னால் போட்டால் நிஜமாகவே அழித்துவிடும், ட்ரான்ஸாக்‌ஷனுக்குள் வைத்து ஓட்டி ரோல்பேக் செய்ய, அதாவது மாற்றத்தைக் கைவிட வேண்டும். அட்டவணை முழுவதையும் வரிசையாகப் படிக்கிறது என்று தெரிந்தது, இண்டெக்ஸ் (புத்தகத்தின் பின்பக்கச் சொல்லடைவு மாதிரி, தேடலை வேகமாக்குவது) தேவை. லேப்டாப்பில் இண்டெக்ஸ் சேர்த்துப் பார்த்தால் போஸ்ட்கிரெஸ் அதைத் தொடவே இல்லை! அட்டவணை சிறியதாக இருந்தால் முழுவதையும் படிப்பதே மலிவு என்று அதன் பிளானர் (தேடும் வழியைத் தீர்மானிக்கும் பகுதி) கணக்குப் போடுகிறது, அந்தக் கணக்கு சரியும்கூட. ஸ்டேஜிங்கில், நிஜ அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் தரவில் பார்த்தால்தான் உண்மை தெரியும். கல்லூரி ஆய்வகத்தில் ஐம்பது வரி தரவை வைத்துக்கொண்டு இண்டெக்ஸ் படித்த யாருக்கும் இது தெரிய வாய்ப்பே இல்லை.

அதை புரொடக்‌ஷனுக்குக் கொண்டுபோவது, அதாவது பயனர்கள் பயன்படுத்தும் நிஜ அமைப்பில் ஏற்றுவது, தனிக் கதை. சாதாரணமாக கிரியேட் இண்டெக்ஸ் ஓட்டினால் அது முடியும்வரை அந்த அட்டவணையில் யாரும் எழுத முடியாது. பெரிய அட்டவணையில் அப்படி நிறுத்தினால் ஆர்டர்கள் எல்லாம் வாசலில் நிற்கும். கன்கரன்ட்லி என்று சேர்த்தால் எழுதுவது தடைபடாது, ஆனால் நேரம் அதிகம் எடுக்கும், ட்ரான்ஸாக்‌ஷனுக்குள் ஓட்ட முடியாது, நடுவில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்றை விட்டுவிட்டுப் போகும், அதை நாம்தான் தேடி நீக்க வேண்டும். டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் ஜாங்கோ மைக்ரேஷனில் இதற்கென்று தனி ஆபரேஷன் இருக்கிறது, எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி ஓட்டும் அட்டாமிக் என்பதை அணைத்துவிட்டுப் பயன்படுத்த வேண்டும். இதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு, தோற்றால் என்ன செய்வது என்பதையும் எழுதி, ஆள்நடமாட்டம் குறைந்த நேரத்தில், மென்டர் பக்கத்தில் இருக்க, நான் ஓட்டினேன். என் கையால் ஓட்ட விட்டார்கள் என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். இன்டர்ன் எழுதியதை வேறொருவர் ஓட்டுவது பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் ஓட்டப் போவது நாம்தான் என்று தெரிந்தால் எழுதும்போதே கவனம் வேறு மாதிரி இருக்கும்.

புதிய பக்கத்தை ஃபீச்சர் ஃப்ளாக்குக்கு (ஒரு வசதியைத் திறக்கவும் அணைக்கவும் உதவும் சுவிட்ச்) பின்னால் வைத்து, முதலில் டீமுக்கு மட்டும், பிறகு கொஞ்சம் பேருக்கு, பிறகு எல்லாருக்கும் என்று திறந்தோம். எல்லாருக்கும் திறந்ததும் அடுத்த டிக்கெட் என்ன என்று கேட்டேன், ஃப்ளாக்கையும் பழைய கோடையும் நீக்கு என்றார் மென்டர். ஓடாத கோட் சும்மா இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றும். 2012 ஆகஸ்டில் நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்துக்கு நடந்ததை அப்போது சொன்னார். பல வருடங்களாகப் பயன்படாத ஒரு பழைய செயல்பாட்டைக் கோடிலிருந்து நீக்காமலே விட்டிருந்தார்கள், அதற்குரிய ஃப்ளாக்கைப் புதிய வசதிக்கு மறுபடி பயன்படுத்தினார்கள், எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய கோட் ஏறவில்லை. ஃப்ளாக்கைத் திறந்ததும் அந்த ஒரு சர்வரில் பழைய கோட் உயிர்பெற்று ஆர்டர்களை அள்ளி வீசியது. சுமார் 45 நிமிடத்தில் 440 மில்லியன் டாலருக்கு மேல் நட்டம், நிறுவனம் தனியாக நிற்க முடியாமல் போய் அடுத்த வருடம் இன்னொரு நிறுவனத்தோடு இணைந்தது. இதைக் கேட்ட பிறகு பழைய கோடை நீக்கும் டிக்கெட் எனக்குச் சலிப்பாக இல்லை.

ஆன்-கால் வேலையை, அதாவது சேவை உடைந்தால் அலாரம் வந்து உடனே கவனிக்கும் முறைப்பணியை, கூடவே இருந்து பார்க்கும் வாய்ப்பும் கிடைத்தது, அலாரம் எனக்கு வராது, வருபவர் என்ன செய்கிறார் என்று பார்க்கலாம். ஒரு முறை சேவை ஒன்று சற்று நேரம் நின்றது. அதன் பிறகு நடந்த கூட்டத்தில் யார் செய்தது என்ற கேள்வியே எழவில்லை, அதைச் செய்ய அமைப்பு ஏன் விட்டது என்று மட்டும்தான் பேசினார்கள். பழி சொல்லாத போஸ்ட்மார்ட்டம் என்று எல்லா நிறுவனமும் சொல்லிக்கொள்ளும், நேரில் பார்த்தால்தான் நம்ப முடிகிறது. 2017 ஜனவரி 31 அன்று கோடைச் சேமித்துப் பகிரும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபைல்களை அழித்துவிட, பேக்கப் வழிகள் பலவும் கைகொடுக்காமல் போய், சுமார் ஆறு மணி நேரத் தரவு போனது. அவர்கள் மீட்புப் பணியையே நேரலையில் காட்டினார்கள், நடந்ததைப் பொதுவில் எழுதி வைத்தார்கள். மாணவர்கள் அந்த அறிக்கையைத் தேடிப் படிக்க வேண்டும் என்பேன்.

ஏஐ உதவியோடு எழுதலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அங்கே அனுமதி இருந்தது, நிறுவனம் ஒப்புக்கொண்ட கருவியை மட்டும், வாடிக்கையாளர் தரவை ஒட்டாமல். ரிவ்யூவில் எந்த வரியைக் காட்டி ஏன் என்று கேட்டாலும் பதில் சொல்லத் தெரிய வேண்டும் என்பதுதான் நிபந்தனை. நியாயமான நிபந்தனை. டெஸ்ட்டின் சலிப்பான பகுதிகளுக்கு அது நன்றாக உதவியது, நேரம் மிச்சமானது. டைம் ஸோன் டிக்கெட்டில் அது மறுபடி மறுபடி நிலையான மணிக்கணக்கைக் கூட்டும் தீர்வையே தந்தது, பழைய கோடில் இருந்த அதே பிழை. விஷயம் தெரிந்தவர் கையில் அது வேகம், தெரியாதவருக்குப் பிழை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. படிக்கும் வயதில் இதில் கவனம் தேவை என்று உறுதியாக நினைக்கிறேன்.

ஸ்டாண்ட்-அப், ஸ்பிரின்ட் பிளானிங், ரெட்ரோ என்ற வழக்கமான டீம் கூட்டங்கள், இவை எல்லா இடத்திலும் இருக்கிற மாதிரிதான், சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது எனக்கு உண்மையாகவே வருத்தம் தந்தவை. நடுவில் மென்டர் விடுப்பில் போனார், அவருக்கு விடுப்பு எடுக்க எல்லா உரிமையும் உண்டு, அதில் குறையில்லை. அவருக்குப் பதிலாக யார் என்று மேனேஜர் தீர்மானிக்கவே இல்லை. யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள் என்றார். அந்தப் பேச்சுக்கு நடைமுறையில் யாருடைய நேரமும் எனக்கென்று ஒதுக்கப்படவில்லை என்றுதான் அர்த்தம். புதியவர் எவ்வளவு தைரியசாலியாக இருந்தாலும் வேலையில் மூழ்கியிருப்பவரைத் தட்டிக் கேட்கத் தயங்குவார். ஒரு மாற்று ஆளைப் பெயர் சொல்லிக் குறித்திருந்தால் போதும், செலவே இல்லாத காரியம்.

அடுத்தது மதிப்பீடு. கடைசி வாரம் வரை நான் எப்படிச் செய்கிறேன் என்று முறையாக ஒருவரும் சொல்லவில்லை. கடைசி வாரத்தில் ஒரு படிவம், அதில் நன்றாக எழுதியிருந்தார்கள், கூடவே கூட்டங்களில் இன்னும் பேசியிருக்கலாம் என்று ஒரு வரி. இதைப் பாதியிலேயே சொல்லியிருந்தால் பேசியிருப்பேனே! திருத்திக்கொள்ள நேரமில்லாதபோது சொல்லும் கருத்து மாணவருக்கு எந்த வகையிலும் உதவாது. கடைசி வாரத்தின் பெரும்பகுதியை டெமோவுக்கான ஸ்லைடு விழுங்கியது. பெரிய அரங்கு, எல்லா இன்டர்ன்களும், ஆளுக்குச் சில நிமிடம், கேட்பவர்களில் பலருக்கு எங்கள் டீம் என்ன செய்கிறது என்றே தெரியாது. அந்த நேரத்தை அடுத்து வருபவருக்கான குறிப்பு எழுதக் கொடுத்திருந்தால் டீமுக்கே லாபம். நிரந்தர வேலை பற்றி, பட்ஜெட் முடிவானதும் சொல்கிறோம் என்றார்கள், எப்போது முடிவாகும் என்று சொல்லவில்லை. இல்லை என்றாலும் பரவாயில்லை, எப்போது தெரியும் என்ற தேதியையாவது சொல்லலாம். மாணவர்கள் வேறு இடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அதை நிறுவனங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

யாருக்கு இது சரிப்படும்? பிறர் கோடைப் படிப்பதில் பொறுமை உள்ளவர்களுக்கு. புதிதாக ஒன்றை அடியிலிருந்து கட்ட வேண்டும், பளிச்சென்று காட்ட ஒரு புராஜெக்ட் வேண்டும் என்பவர்களுக்கு இந்த மாதிரி டீம் அலுக்கும், அவர்கள் சின்ன ஸ்டார்ட்டப் பக்கம் போவது நல்லது, ஆனால் அங்கே ரிவ்யூ செய்ய ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஊதியமே இல்லாத இன்டர்ன்ஷிப்பை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், புரொடக்‌ஷனில் ஓடும் கோடை எழுத வைத்தால் அது வேலை, வேலைக்குக் கூலி உண்டு.

இன்டர்வியூவின் கடைசியில் ஏதாவது கேட்க வேண்டுமா என்பார்கள் இல்லையா, அப்போது இவற்றைக் கேளுங்கள். போன வருட இன்டர்ன் எழுதிய கோட் இப்போதும் ஓடுகிறதா? என் மென்டர் யார், அவர் இல்லாதபோது யார்? ஒரு புல் ரெக்வெஸ்ட்டுக்கு முதல் கருத்து வர எவ்வளவு நேரமாகும்? நடுவில் ஒரு மதிப்பீடு உண்டா? முதல் கேள்விக்குத் தயங்காமல் ஆமாம் என்று சொல்லி அது என்னவென்றும் சொன்னால் தைரியமாகச் சேரலாம். போன வருட இன்டர்ன் என்ன செய்தார் என்றே நினைவில்லை என்றால் உங்கள் வேலைக்கும் அதே கதிதான்.

நான் அடுத்த விடுமுறைக்கும் இங்கேயே விண்ணப்பிப்பேன், அதே டீமைக் கேட்டு. மாற்று மென்டரின் பெயரையும் நடுவில் நடக்கும் மதிப்பீட்டின் தேதியையும் முதல் நாளே மேனேஜரிடம் மெயிலில் கேட்டு வாங்கிக்கொள்வேன். தேதி கிடைத்தால் ஐந்துக்கு ஐந்து.